சாருடைய பரீட்சை

முதலில் அவருடையதை எழுதுவதா என்னுடையதை எழுதுவதா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன், இன்னும் முடிவுக்கு வரவில்லை. மணி பத்தே கால். கதிரேசன் எங்கள் குழந்தை மித்ராவை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான், "வரும்போது சாப்பாடு வாங்கிட்டு வந்துடறேன், நீ அடுப்புப் பக்கமே போகாத, ரெண்டையும் ஒரே மூச்சுல முடிச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனான். ரெண்டையும். என் வீட்டுக்காரனே அதைத் துணி காயப்போடுகிற வேலை மாதிரி சொல்லப் பழகிவிட்டான். ஒன்று என்னுடைய சான்றிதழ், இன்னொன்று என் மேனேஜர் கருணாகரன் சாருடையது, இரண்டும் இன்றோடு காலாவதி, இரண்டையும் புதுப்பிக்க வேண்டியவள் நான். கிளவுடில் டேட்டாவை எப்படி ஏற்றுவது, எங்கே வைப்பது, யாருக்கு எந்தக் கதவைத் திறந்துவிடுவது, இவ்வளவுதான் பாடம். முப்பது கேள்வி, வீட்டில் உட்கார்ந்தே எழுதலாம், கேமரா கிடையாது, மேற்பார்வை கிடையாது, எழுதுகிறவர் யார் என்று கேட்க ஆள் கிடையாது. அதனாலேயே எங்கள் ஆபீசில் இது ஒரு வழக்கமாகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பாஸ்வேர்டை அனுப்பிவிட்டுக் கூடவே கூப்பிய கை ஒன்றையும் போட்டுவிடுவார்கள். சாருடைய பாஸ்வேர்டு அவர் பெண்ணின் பெயரும் அவள் பிறந்த வருஷமும். போன வருஷமும் அதேதான். மாற்றக்கூட இல்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை, அல்லது என்னைப் பற்றி அவருக்கு ஒரு யோசனையுமே கிடையாது. இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

மேல் வீட்டில் சுவரைத் துளைக்கிறார்கள். பெரும்பாக்கத்தில் பதினோராவது மாடியில் வீடு வாங்கினால் அமைதியாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள், அந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். காபி ஆறிவிட்டது. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டேன், இந்த ஒரு வருஷத்தில் மாறியதை எல்லாம் பச்சை மையில் குறித்து வைத்திருக்கிறேன், எதை எடுத்துவிட்டார்கள், எதற்குப் பெயரை மாற்றினார்கள், எது இப்போது வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று வாரமாக மித்ரா தூங்கிய பிறகும் ரயிலில் நின்றுகொண்டும் படித்தது. படிக்கும்போதெல்லாம் அந்த வரி குறுக்கே வந்து நின்றது, இப்போதும் வருகிறது. ஆழம் போதாது. சுகந்தி கடின உழைப்பாளி, ஆனால் ஆர்க்கிடெக்ட் பொறுப்புக்குத் தேவையான தொழில்நுட்ப ஆழம் இன்னும் போதாது. ஏப்ரல் மாத அப்ரைசலில் அவர் எழுதியது. எழுதியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, சின்ன ரூமில் எதிரே உட்கார்ந்து எனக்கே வாசித்துக் காட்டினார், வாசித்துவிட்டு "தப்பா எடுத்துக்காதம்மா, உன் நல்லதுக்குத்தான்" என்றார். நான் என்ன சொன்னேன்? "சரி சார்" என்றேன். என்ன சரி? எது சரி? நான் அவருக்குப் புதுப்பித்துக்கொடுக்கிற சான்றிதழின் ஆழம் அவருக்குத் தெரியாதா என்று கேட்டிருக்கலாம், முதல் முறை அவர் பரீட்சை சென்டரில் போய் எழுதியபோது குரூப்பில் சுற்றிய கேள்வித்தாளை மனப்பாடம் செய்தும் மூன்றாவது தடவைதான் பாஸ் ஆனார் என்பதைச் சொல்லியிருக்கலாம், குறைந்தபட்சம் எழுந்து போயிருக்கலாம். சரி சார். அந்த இரண்டு சொல்லை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அதுகூட ஆறிவிடும். ஆறாதது வேறு. அப்பா கரூரில் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினாறு நாளில் ஒரு பெரிய கம்பெனியின் டேட்டாவை முழுக்க கிளவுடுக்கு மாற்றுகிற திட்டத்தை நான் எழுதினேன், ஐசியூ வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் லேப்டாப். நாற்பத்தொரு பக்கம். உள்ளே போய் அப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன், சில்லென்று இருக்கும், வெளியே வந்து அடுத்த பக்கம். அதை கருணாகரன் சார் "என்னுடைய டிசைன்" என்று சொல்லி வாடிக்கையாளரிடம் காட்டினார், காட்டட்டும், எங்கள் தொழிலில் எல்லா மேனேஜரும் செய்கிற காரியம். அப்பா போன மூன்றாம் நாள் போன் செய்தார். வீடு நிறைய ஆள். "மனசைத் தேத்திக்கம்மா, நம்ம கையில என்ன இருக்கு, எல்லாம் அவன் செயல்" என்றார். நான் அழுதேன், அவர் பொறுமையாகக் கேட்டார், அழுது முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை, பிறகு மிகவும் மெதுவான குரலில், "ஒரு சின்ன விஷயம்மா, லேப்டாப் கையில இருக்கா?" என்றார். இருந்தது. அதுதான் ஆறவில்லை. அவர் கேட்டது இரண்டாவது, சாவு வீட்டுக்கு நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போயிருந்தேன், மாடிப்படிக்குக் கீழே சார்ஜில் போட்டிருந்தேன், அதுதான்.

அதனால் இன்றைக்குப் பழி. வாரம் முழுக்க இதைச் சப்பிச் சப்பிச் சுவைத்துக்கொண்டிருக்கிறேன். விதி மிகவும் எளிமையானது: முதல் தடவை பெயிலானால் உடனே இன்னொரு தடவை எழுதலாம், அதிலும் பெயிலானால் இருபத்துநாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கெடு லண்டன் கணக்கில் இன்று நள்ளிரவு, நமக்கு நாளை விடியற்காலை ஐந்தரை. இருபத்துநாலு மணி நேரம் காத்திருக்க அங்கே இடமில்லை. அவர் பெயரில் இரண்டு தடவை தப்பும் தவறுமாக எழுதிவிட்டால் போயிற்று, சான்றிதழ் காலி, இனி முழுப் பரீட்சையைப் புதிதாக, சென்டரில், கேமராவுக்கு முன்னால், தன் கையால் எழுத வேண்டும். அதிலும் திங்கட்கிழமை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நாங்கள் நேரில் போகிறோம், கிண்டியில், அவர்களுடைய நிபுணர்கள் கேள்வி கேட்பார்கள், பதில் பிடித்திருந்தால்தான் வேலை எங்களுக்கு. சான்றிதழ் உயிரோடு இருப்பவர்கள் மட்டும்தான் அந்த ரூமுக்குள் போக முடியும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். எங்களில் இந்தச் சான்றிதழ் இருப்பது இரண்டே பேரிடம், அவரிடமும் என்னிடமும். வாசலில் அவரைத் தடுத்து நிறுத்துவார்கள். நினைத்தாலே இனித்தது, போன வாரம் முழுக்க வெண்டைக்காய் நறுக்கும்போதுகூட அதை நினைத்தேன்.

ஆக, அவருடையதே முதலில். பாஸ்வேர்டைப் போட்டதும் அவர் போனுக்கு ஆறு இலக்கக் கோடு எண் ஒன்று போகும், அதை அவர் சொன்னால்தான் திறக்கும். கூப்பிட்டேன். பின்னால் நாதஸ்வரம். "சார், கோடு வந்திருக்கும் பாருங்க." "இரும்மா, மாம்பலத்துல ஒரு கல்யாணம், பந்தியில உட்கார்ந்துட்டேன், கண்ணாடி வேற எடுத்துட்டு வரல. தம்பி, இதைக் கொஞ்சம் படிங்களேன், ஆமா அந்த நம்பர்தான்." யாரோ முன்பின் தெரியாத ஆள், பக்கத்து இலைக்காரர், கருணாகரன் சாருடைய தொழில்நுட்ப ஆழத்தின் சாவியை எனக்கு ஒவ்வொரு எண்ணாக வாசித்தார், எட்டு, ஒண்ணு, ஒண்ணு, நாலு, பூஜ்யம், ஆறு. நன்றி சொன்னேன். சார் மறுபடி போனை வாங்கி, "திங்கட்கிழமைக்கு ரெடியாம்மா? வைஸ் பிரசிடென்ட்டே பெங்களூர்ல இருந்து வரார், நேரா அங்க வந்துடுவார். நமக்கென்ன, நீ பக்கத்துல இருக்கறப்ப எனக்கு என்ன கவலை" என்றார். வாயில் ஏதோ மென்றுகொண்டே சொன்னார். வைத்துவிட்டார்.

முதல் கேள்வி. ஒரு நிறுவனம் பழைய பதிவுகளை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தால் அதிகம், எந்த அடுக்கில் வைப்பீர்கள்? அடிக்கடி தொடுவதைச் சூடான அடுக்கில், எப்போதாவது தொடுவதைக் குளிர்ந்த அடுக்கில், கிட்டத்தட்ட மறந்தே போகலாம் என்பதைக் காப்பகத்தில். காப்பகம் என்பதை அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் உறைத்தது, தப்பாக அல்லவா எழுத வந்தேன். பின்னால் போக முடியாது, ஒரு கேள்வியை விட்டு நகர்ந்தால் நகர்ந்ததுதான். சரி, ஒன்று போகட்டும். லேப்டாப் கையில இருக்கா. அதை நான் எந்த அடுக்கில் வைத்திருக்கிறேன்? இரண்டு வருஷம் ஆகப் போகிறது, காப்பகத்துக்குப் போயிருக்க வேண்டியது, தினமும் எடுத்துப் பார்க்கிறேன். இரண்டாவது கேள்வி, யாருக்கு எவ்வளவு அனுமதி கொடுக்க வேண்டும் என்று. வேலைக்குத் தேவையானது மட்டும், ஒரு துளி அதிகம் கூடாது. கை அதையே அழுத்தியது. என்ன இது, எனக்கே என் கை அடங்கவில்லை. பதினைந்து வருஷப் பழக்கம், சரியான விடை கண்ணில் பட்டதும் விரல் அங்கே போய்விடுகிறது. மூன்றாவதில் நிதானமாக உட்கார்ந்தேன், நான்கு விடையில் எது மோசமானது என்று தேடினேன், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் என்று ஒன்று இருந்தது, அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மேலே துளைப்பது நின்றுவிட்டது. அந்த நிசப்தத்தில் கருணாகரன் சார் திங்கட்கிழமை கிண்டியில் என்ன செய்வார் என்பதை முதல் தடவையாக ஒழுங்காக நினைத்துப் பார்த்தேன்.

ஒன்றும் செய்ய மாட்டார். அதுதான் விஷயம். நாளைக் காலை எழுந்து சான்றிதழ் போய்விட்டது என்று பார்ப்பார், ஐந்து நிமிஷம் என்மேல் கத்துவார், பிறகு வைஸ் பிரசிடென்ட்டைக் கூப்பிட்டு ஏதோ டெக்னிக்கல் கோளாறு சார், சுகந்தி இருக்கா, அவளை நான் ரெடி பண்ணியிருக்கேன் என்பார். நான் உள்ளே போவேன். கேட்கிற எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன், எனக்குச் சொல்லாமல் இருக்கத் தெரியாது. வேலை கிடைக்கும். அவர் வெளியே ஏசியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, ஆளைத் தயார் செய்து அனுப்பியவர் என்று பெயர் வாங்கிக்கொள்வார். இதற்காகவா ஒரு வாரமாகச் சப்பிக்கொண்டிருந்தேன்? எட்டு வருஷமாக நடப்பதும் இதுதானே. போன் மீட்டிங்கில் நான் சாட்டில் தட்டுவேன், அவர் வாசிப்பார். ஒரு தடவை "இதைச் சொல்லாதீங்க சார், ஆறு மாத டேட்டா இன்னும் வரல" என்று தட்டினேன், அதையும் சேர்த்து வாசித்தார், வாடிக்கையாளர் சிரித்தார், சாரும் சிரித்தார், ஜோக் என்று நினைத்துக்கொண்டார்கள். நேர் மீட்டிங் என்றால் என் நோட்டு. நான் எழுதி மெதுவாக அவர் பக்கம் நகர்த்துவேன், அவர் கன்னத்தில் கை வைத்து யோசிப்பதுபோல் குனிந்து பார்த்துவிட்டு, "வெல்" என்று இங்கிலீஷில் ஆரம்பிப்பார். அந்த வெல்லை நான் வீட்டில் செய்து காட்டினால் மித்ரா விழுந்து விழுந்து சிரிக்கும். கிண்டியில் போனையும் லேப்டாப்பையும் செக்யூரிட்டியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், மெயிலில் போட்டிருந்தார்கள். நோட்டு மட்டும்தான். நோட்டும் நானும். அம்புக்குறி அந்தத் தப்பு விடைமேல் அப்படியே நின்றது. அவரை வாசலில் நிறுத்துவது பழி இல்லை. அவரை உள்ளே அனுப்ப வேண்டும். வெளியே நிற்க வேண்டியவள் நான்.

எழுந்து பால்கனிக்குப் போனேன். கீழே தண்ணீர் லாரி பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது, வாட்ச்மேன் வா வா என்று கையாட்டினார். லீவு போடலாமே, காய்ச்சல் என்று சொல்லலாமே. லீவு போட்டால் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போட்டாவது கொண்டுபோவார், மாத்திரை போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் வந்து உட்காரும்மா என்பார், நானும் சரி சார் என்பேன், என்னை எனக்குத் தெரியும். நான் நினைத்தாலும் உள்ளே போக முடியாதபடி இருக்க வேண்டும். அப்படியானால் போக வேண்டியது என் சான்றிதழ். ஈமெயிலில் வந்த அதை நான்தான் பிரிண்ட் எடுத்துச் சட்டம் போட்டு கரூருக்கு அனுப்பினேன், அப்பா அதை ஹாலில் மாட்டி, வருகிறவர்களிடம் எல்லாம் பொண்ணு கிளவுடுல இருக்கா என்று சொல்வார், கேட்டவர்கள் ஏதோ விமான கம்பெனி என்று நினைத்துக்கொள்வார்கள். அது மட்டும் இல்லை. எங்கள் ஆபீசில் ஆள் குறைக்கும்போதெல்லாம் முதலில் பார்ப்பது யாரிடம் எது காலாவதி ஆகியிருக்கிறது என்பதைத்தான். முழுப் பரீட்சையை மறுபடி எழுதி வாங்க ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தில் பட்டியல் வந்தால் என் பெயர் மேலே இருக்கும். கதிரேசன் என்ன சொல்வான்? பைத்தியமா உனக்கு என்பான். ஆமாம் என்று சொல்லிவிடலாம். லாரியிலிருந்து குழாயை இழுத்துச் சம்ப்புத் தொட்டியில் விட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது, பயத்தோடு வந்து உட்கார்ந்தேன்.

அம்புக்குறியை அந்தத் தப்பு விடையிலிருந்து எடுத்து சரியானதில் வைத்து அழுத்தினேன். அதற்குப் பிறகு எழுதினேன் பாருங்கள், என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சையையும் அப்படி எழுதியதில்லை. ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை படித்தேன், சந்தேகம் வந்த இடத்தில் நோட்டைப் பார்த்தேன், பத்தொன்பதாவது கேள்விக்கு மட்டும் பன்னிரண்டு நிமிஷம். மேலே மறுபடி துளைக்க ஆரம்பித்ததுகூட உறைக்கவில்லை. கருணாகரனுக்கு ஒரு விடைகூடத் தவறக் கூடாது, அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போக வேண்டும், முப்பதுக்கு முப்பது என்று வைஸ் பிரசிடென்ட்டிடம் அவர் வாயாலேயே சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்வார். முடிவு வந்தது. வாழ்த்துகள் கருணாகரன், முப்பதுக்கு முப்பது. பச்சை டிக். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எதற்கென்று தெரியவில்லை, நன்றாக எழுதியிருந்தேன்.

பிறகு என்னுடையது. வெளியேறி என் பெயரில் நுழைந்து, பெயர் சரியாக இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துக்கொண்டேன். சுகந்தி. வேண்டுமென்றே பெயிலாவது அவ்வளவு சுலபமில்லை. தப்பான விடையைத் தேர்ந்தெடுக்கச் சரியானது தெரிய வேண்டும், தெரிந்துகொண்டே அதை விட்டு விலக வேண்டும், ஒவ்வொரு தடவையும் விரல் அந்தப் பக்கம் சாய்கிறது, பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாவது கேள்வி ஆஸ்பத்திரி வாசலில் நான் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த அதே விஷயம், டேட்டா வருகிற வழியில் அறுந்துபோனால் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எப்படி. அதில் மட்டும் தோற்க மனசு வரவில்லை, சரியாகவே எழுதினேன். மற்றதில் எல்லாம் தோற்றேன். முப்பதுக்கு ஒன்று. உடனே மீண்டும் முயல விரும்புகிறீர்களா? விரும்புகிறேன். இரண்டாம் தடவை படிக்காமலே எல்லாவற்றுக்கும் முதல் விடையை அழுத்திக்கொண்டு போனேன், நாலு நிமிஷத்தில் முடிந்தது, முப்பதுக்கு எட்டு. படித்துத் தோற்றதைவிட ஏழு மார்க் அதிகம். அடுத்த முயற்சிக்கு இருபத்துநாலு மணி நேரம் காத்திருக்கவும் என்று வந்தது. அதற்குக் கீழே, மனம் தளர வேண்டாம், அடிப்படையைப் பலப்படுத்திக்கொள்ள உங்களுக்காகவே தேர்ந்தெடுத்த பாடங்கள் என்று ஒரு பட்டியல். ஒன்பது பாடம். படித்துப் பார்த்தேன், முகம் சிவந்துவிட்டது. நிஜமாகவே செய்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு அவரே கூப்பிட்டார். "முடிஞ்சிடுச்சாம்மா?" "உங்களுது முடிஞ்சிருச்சு சார். முப்பதுக்கு முப்பது." "அப்படிப் போடு. கெட்டிக்காரிம்மா நீ. சரி, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நேரா அங்க வந்துடு." "என்னுது போயிருச்சு சார்." "போயிருச்சுன்னா?" "ரெண்டு தடவையும் பெயில். இனிமே முழுப் பரீட்சையும் எழுதணும், ஒரு மாசம் ஆகும். என்னை உள்ள விட மாட்டாங்க." "விளையாடாதம்மா." "நான் எதுக்கு சார் விளையாடப் போறேன்." "என்னோடதுல நூறு வாங்கிட்டு உன்னோடதுல எப்படிம்மா பெயிலாவ?" என்று கேட்டார், கேட்ட பிறகு அந்தக் கேள்வியை அவரே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். கூட்டத்தை விட்டு எங்கோ வெளியே வந்தார் போல, சத்தம் குறைந்தது. "சரி, நான் வேற யாரையாவது..." "ரெண்டு பேர் பேரைத்தான் சார் கொடுத்திருக்கோம்." "உடம்பு சரியில்லன்னு சொல்லிடட்டுமா?" என்னைக் கேட்டார். என்னை. "வைஸ் பிரசிடென்ட் வராரே சார்" என்றேன். மூச்சு வாங்குவது கேட்டது. "அவங்க கேக்கறதுக்கெல்லாம் நான் ஒருத்தனா உட்கார்ந்துகிட்டு என்னம்மா சொல்லுவேன்?" குரல் உடைந்திருந்தது, இதைக் கேட்கத்தான் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன் என்று உடம்பு முழுக்கத் தெரிந்தது, நான் அவசரப்படவில்லை, அவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டேன். பிறகு சொன்னேன், "ஒரு பாடப் பட்டியல் வந்திருக்கு சார், பெயிலானவங்களுக்கு அனுப்பறது. முதல் பாடம் டேட்டான்னா என்னன்னு. மொத்தமே ஆறு மணி நேரம்தான் ஆகும்னு போட்டிருக்கு, உங்களுக்கு இன்னிக்கும் இருக்கு, நாளைக்கும் இருக்கு. அனுப்பட்டுமா?" "அனுப்பும்மா" என்றார்.

அனுப்பினேன்.